ஆயில் குடிக்கும் சாட்டர்ன்: 1997 எஸ்எல்2 இன்ஜினில் செய்த வேலைகள்

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முன்பு தயாரித்த சாட்டர்ன் எஸ் வரிசைக் கார் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதன் 1.9 லிட்டர் இன்ஜினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4 குவார்ட் ஆயில்தான் பிடிக்கும். 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வயதான இன்ஜின் 1,000 மைலுக்கு ஒரு குவார்ட்டை எரித்துவிடுவது இந்தக் காரில் சர்வசாதாரணம். அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்த வழக்கப்படி 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிற ஒருவர், நடுவில் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை இழுத்தே பார்க்காவிட்டால், கடைசி வாரங்களில் ஒரே ஒரு குவார்ட்டை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு ஆயிலின் அளவைச் சொல்லாது, அழுத்தத்தை மட்டுமே சொல்லும். அது எரிகிற நேரத்தில் பேரிங்குகள் அடிவாங்கத் தொடங்கியிருக்கும்.

"நல்லாத்தான் ஓடிட்டிருந்தது, திடீர்னு இன்ஜின் போயிடுச்சு" என்று சாட்டர்ன் வைத்திருந்தவர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் புகார்களில் பெரும்பகுதி இந்த எளிய கணக்குக்குள் அடங்கிவிடும் என்பதே என் முடிவு. திடீரென்று எதுவும் நடக்கவில்லை. மாதக்கணக்கில் நடந்தது யார் கண்ணிலும் படவில்லை.

என்னிடம் இருப்பது 1997-ஆம் வருட எஸ்எல்2. இரட்டை கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), 124 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். மிச்சிகனில் ஒரு வீட்டு கராஜில் நின்றிருந்ததை வாங்கினேன். ஓடோமீட்டர் ஒன்றரை லட்சம் மைலைத் தாண்டியிருந்தது. ஆயில் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் கேம்ஷாஃப்டைச் சுற்றிப் பழுப்பு வார்னிஷ், அதாவது வெந்த ஆயிலின் படிவு. ஆயில் மாற்றம் பல வருடங்கள் தள்ளிப்போன இன்ஜின் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆகவே என் காரின் நிலைமைக்குத் தயாரித்தவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. இருபது வயது தாண்டிய, கவனிப்பு குறைந்த ஒரு இன்ஜினின் நிலைமை அது. ஆனால் கவனிப்பு குறைந்தால் இந்த இன்ஜின் மற்றவற்றைவிடச் சீக்கிரம் ஏன் ஆயில் குடிக்கத் தொடங்குகிறது என்பதற்கு அதன் பிஸ்டனிலேயே காரணம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்தேன். சமதரையில் நிறுத்தி, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்து, மேல்கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வது. ஒரு குவார்ட் ஊற்ற வேண்டிய நிலை வரும்போது மறுபடி குறிப்பது. சுமார் 700 மைலுக்கு ஒரு குவார்ட் போனது. ராத்திரி இன்ஜினுக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் சொட்டு இல்லை. ஆக, கசிவு அல்ல, எரிகிறது.

"நீலப் புகையே வரவில்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் காரில் பெரும்பாலும் வராது. ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லா நேரமும் எரிவதால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதைப் பெரும்பாலும் மென்று தின்றுவிடுகிறது. பின்னால் வருகிறவருக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. ராத்திரி முழுக்க நின்ற கார் காலையில் கிளம்பும்போது மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். என் காரில் அதுவும் இல்லை. சந்தேகம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் மேல் போனது.

ஆனால் ரிங்கில் கை வைப்பதற்கு முன் ஒரு சென்சாரைப் பார்த்தாக வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலையை அளந்து காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் அது. சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில் திருகப்பட்டிருக்கும். எஸ் வரிசையில் அதிகம் பேசப்பட்ட பழுது இதுதான். தொடக்கத்தில் வந்த சென்சாரின் முனை பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடாகி ஆறிச் சூடாகி அது விரிசல் விடும். விரிசல் வழியாகக் கூலன்ட் ஏறி கனெக்டருக்குள் போகும். செம்பு முனைகளில் பச்சைப் பூஞ்சைபோல உப்பு பூக்கும். அப்போது கம்ப்யூட்டருக்குத் தவறான வெப்பநிலை போகிறது. இன்ஜின் கொதிக்கிற சூட்டில் இருந்தாலும் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

மைலேஜ் குறைவதோடு இது நிற்பதில்லை. கூடுதலாக ஊற்றிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தைக் கழுவிக் கீழே இறக்கும். இறங்கிய பெட்ரோல் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஆயில் ரிங்குகளைத் தாண்டி இன்னும் சுலபமாக மேலே வரும். ரேடியேட்டர் விசிறியை ஓட விடுவதும் இதே சென்சாரின் செய்திதான் என்பதால், சில கார்களில் விசிறி ஓடாமலேயே இன்ஜின் சூடேறியிருக்கிறது. மதிய உணவுக்கு ஆகும் செலவில் கிடைக்கிற ஒரு பாகம் இத்தனை வேலை செய்கிறது. அதனால்தான் எஸ் வரிசைக் கார் எந்தப் புகாரோடு வந்தாலும் முதலில் இதை மாற்றிவிட்டு மற்றதைப் பேசலாம் என்று பழைய சாட்டர்ன்காரர்கள் சொல்கிறார்கள். அதில் மிகை இல்லை.

சோதிப்பது எளிது. 1996 முதல் வந்த கார்களில் ஓபிடி-2 பிளக் (கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை இணைக்கும் இடம்) இருப்பதால் எந்த ஸ்கேனரும் வேலை செய்யும். ராத்திரி முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். என் காரில் கூலன்ட் எண் காற்றைவிட வெகுவாகக் கீழே இருந்தது. இன்ஜின் சூடான பிறகும் எண் தயங்கித் தயங்கி ஏறி, நடுவில் குதித்தது.

மாற்றும் முறை: இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பின் கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறந்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். காற்று ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றினால் கை போகும். 19 மில்லிமீட்டர் ஆழமான சாக்கெட். புதிய சென்சாரை இடது கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைத் திருகி எடுத்தால் அரைக் கோப்பை கூலன்ட்தான் கொட்டும். புதியது பித்தளை முனையுள்ளதாக இருக்கட்டும். கடையில் இரண்டு வகையும் கிடைக்கலாம், பெட்டியைத் திறந்து முனையைப் பார்த்தே வாங்குங்கள். என் காரின் கனெக்டரில் பச்சை உப்பு ஆழமாக ஏறியிருந்ததால் சுத்தம் செய்து பார்க்காமல் வயரோடு புதிய கனெக்டர் வைத்து, ஈயம் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டேன். சென்சாரை மட்டும் மாற்றிவிட்டுக் கனெக்டரை விட்டால் சில மாதத்தில் அதே பழுது திரும்பும்.

காற்றுக் குழாயைக் கழற்றி வைத்த நிலையில் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டைக் கொஞ்சம் துடைத்துவிட்டுப் பாருங்கள். அலுமினியத்தின் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மணிகள் பதிந்த தடம் இருக்கும். அது தெர்மாகோலின் தடம். இந்த இன்ஜினின் பிளாக்கையும் ஹெட்டையும் வார்த்தது வழக்கமான அச்சில் அல்ல. தெர்மாகோல் போன்ற நுரையில் பிளாக்கின் உருவத்தைச் செய்து, மணலில் புதைத்து, உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள்; நுரை ஆவியாகிவிட, அதன் இடத்தில் உலோகம் நிற்கும். அந்த நுரையின் மணித்தடம் வரைக்கும் உலோகத்தில் பதிந்துவிடுகிறது. வார்ப்பு வேலை சாட்டர்னின் சொந்தத் தொழிற்சாலையிலேயே நடந்தது. 1990-இல் ஒரு சின்னக் குடும்பக் காருக்கு இப்படி ஒரு முறையைப் பெரிய அளவில் துணிந்து கையாண்டவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

சாட்டர்னின் பிறப்பே அப்படிப்பட்ட துணிச்சல்தான். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியச் சிறு கார்கள் அமெரிக்கச் சந்தையை அள்ளிக்கொண்டிருந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸ் இருக்கிற பிரிவுகளைத் திருத்துவதற்குப் பதிலாகப் புதிதாக ஒரு நிறுவனத்தையே தொடங்கியது. நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன ராக்கெட்டின் பெயர். 1985 ஜனவரியில் தனி நிறுவனமாகப் பதிவானது. அப்போதைய தலைவர் ரோஜர் ஸ்மித் அறிவித்த முதலீடு 5 பில்லியன் டாலர். அதற்கு முந்தைய வருடமே நிர்வாகத்திலிருந்தும் தொழிற்சங்கத்திலிருந்தும் 99 பேரைத் தேர்ந்தெடுத்து, நல்ல தொழிற்சாலை எப்படி இருக்க வேண்டும் என்று பல இடங்களுக்கு அனுப்பிப் படித்துவரச் செய்தார்கள். டென்னசி மாநிலத்தின் ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூரில் ஆலை எழுந்தது. 1990 ஜூலை 30 அன்று முதல் கார் வெளியே வந்தது. ஸ்மித்தும் தொழிற்சங்கத் தலைவர் ஓவன் பீபரும் சேர்ந்து அதில் வந்தார்கள். மறுநாள் ஸ்மித் ஓய்வுபெற்றார்.

விற்கும் விதத்திலும் வித்தியாசம் இருந்தது. பேரம் கிடையாது, ஒட்டியிருக்கும் விலைதான் விலை. பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் அல்லது 1,500 மைலுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 1991-இல் சப்ளையர் கொடுத்த தவறான கூலன்ட் 1,836 கார்களில் போய்விட்டது தெரிந்ததும், பாகத்தை மாற்றித் தரவில்லை. காரையே மாற்றித் தந்தார்கள். 1993-இல் ஆல்டர்னேட்டர் வயரிங்கில் தீப்பிடிக்கும் அபாயம் என்று சுமார் 3,50,000 கார்களைத் திரும்ப அழைத்தபோது, டீலர்கள் அதை வாடிக்கையாளர்களுக்கு உபசாரம் செய்யும் நாளாகவே நடத்தினார்கள். 1994-இல் விற்பனை 2,86,000-ஐத் தொட்டது, அதுவே உச்சம். அந்த வருடக் கோடையில் உரிமையாளர்களை ஸ்பிரிங் ஹில்லுக்கு அழைத்தார்கள். தங்கள் காரைச் செய்தவர்களைப் பார்க்க 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு சாதாரண விலைக் காருக்கு அப்படிக் கூடிய கூட்டம் வேறு எனக்குத் தெரியாது.

இந்த இன்ஜினை வரைந்தவர்களுக்கு ஒரு பழைய கசப்பும் நினைவில் இருந்திருக்க வேண்டும். அதே ஜெனரல் மோட்டார்ஸ் 1970-இல் கொண்டுவந்த செவர்லே வேகாவின் அலுமினிய பிளாக்கில் சிலிண்டருக்கு இரும்பு லைனர் (உள்உறை) கிடையாது. பிஸ்டன் நேராக அலுமினியச் சுவரில் உரசியது. சூடேறினால் சுவர் கெட்டது, ஆயில் எரிந்தது, வேகாவின் பெயரே கெட்டது. சாட்டர்னின் பிளாக்கும் அலுமினியம்தான், ஆனால் உள்ளே வார்ப்பிரும்பு லைனர் வைத்தார்கள். சிலிண்டர் சுவர் வழியாக வந்த அந்தப் பழைய வியாதி திரும்பவில்லை. ஆயில் எரிவது மட்டும் வேறு வாசல் வழியாக வந்தது.

அந்த வாசல் பிஸ்டனின் மூன்றாவது பள்ளம். பிஸ்டனில் மூன்று ரிங். மேல் இரண்டும் அழுத்தத்தைப் பிடித்து வைக்க. மூன்றாவது சுவரிலிருந்து ஆயிலை வழித்து எடுக்க. வழித்த ஆயில் அந்தப் பள்ளத்தில் இருக்கும் துளைகள் வழியாகப் பிஸ்டனுக்கு உள்பக்கம் போய்க் கீழே சொட்ட வேண்டும். எஸ் வரிசைப் பிஸ்டன்களில் இந்த வடிகால் போதவில்லை. வடியாமல் பள்ளத்தில் தேங்கிய ஆயில் வெந்து கரியாகிறது. கரி ரிங்கைப் பிடித்துக்கொள்கிறது. அசையாத ரிங் வழிக்காது. வழிக்காததால் இன்னும் ஆயில் மேலே வந்து இன்னும் கரி படிகிறது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய கார்களில் இது மெதுவாக நடக்கும். தள்ளிப்போட்ட கார்களில் வேகமாக. இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிற உரிமையாளர்கள் பலர் அந்தப் பள்ளத்தில் கூடுதல் துளைகள் போட்டே புதிய ரிங் மாட்டுகிறார்கள். அதுதான் நிரந்தரத் தீர்வு. ஆனால் அதற்கு ஹெட், டைமிங் செயின், ஆயில் பான் எல்லாம் இறங்க வேண்டும். அதற்கு முன் இன்ஜினைப் பிரிக்காமலே கரியைக் கரைக்கப் பார்க்கும் வழி ஒன்று உண்டு. நான் எடுத்தது அதை.

கம்ப்ரெஷன் சோதனை முதலில், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று அளப்பது. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இடைவெளிக்குள் இருந்தன, நல்ல எண்கள். பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். கம்ப்ரெஷன் நன்றாக இருந்தால் ரிங் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். கம்ப்ரெஷன் மேல் இரண்டு ரிங்குகளின் வேலை. மூன்றாவது முழுக்க ஒட்டிக்கிடந்தாலும் அந்த மீட்டர் சொல்லாது. உண்மையைச் சொல்வது ஸ்பார்க் பிளக். நான்கின் முனையிலும் வெளிர்சாம்பல் படிந்திருந்தது, நான்காவதில் கெட்டியாக. எரிந்த ஆயிலின் சாம்பல் அது.

கூடவே இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் எடுத்துப் பார்த்தேன். குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். வரவில்லை, பிசினில் ஒட்டியிருந்தது. அது அடைத்தால் அந்த அடிப்பகுதியான கிராங்க்கேஸில் அழுத்தம் கூடி ஆயிலை ரிங்குகள் வழியே மேலே தள்ளும். சில டாலர் விலை. கழுவுவதைவிடப் புதிதே மேல்.

இனி ஊறவைக்கும் வேலை. இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, கை வைக்கிற அளவுக்கு ஆறவிட்டு, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். இரட்டை கேம் இன்ஜினில் பிளக்குகள் மேலே நடுவில், ஆழமான குழிகளில் இருக்கும். கழற்றும் முன் குழிக்குள் காற்று ஊதி மண்ணை வெளியேற்றாவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். நான்கு பிளக்கையும் எடுத்த பிறகு, நான்கு பிஸ்டனையும் ஒரே உயரத்துக்கு, பாதி தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டில் மருந்து நிறைய, இரண்டில் குறைய நிற்கும். மேனுவல் கியர் கார் என்பதால் எளிய வழி இருந்தது: பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஐந்தாம் கியரில் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் இன்ஜின் சுழலும். நான்கு குழியிலும் ஒரே நீளமுள்ள மரக்குச்சிகளை நிறுத்தி, நான்கும் சமமாக நிற்கும் இடத்தில் விட்டேன். உலோகக் கம்பி வேண்டாம், சுவரைக் கீறும்.

பிறகு ஒவ்வொன்றிலும் சுமார் 60 மில்லி கரைப்பான். பழைய தலைமுறை மார்வெல் மிஸ்டரி ஆயிலை ஊற்றியது. அது பாதுகாப்பானது, மெதுவானது. கடுமையான கார்புரேட்டர் கரைப்பான்கள் வேகமாக வேலை செய்யும், ஆனால் ஆவி தீப்பிடிக்கும், மூச்சுக்கும் ஆகாது. கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஹீட்டர், பைலட் சுடர் எதுவும் கூடாது. நான் முதலில் மெதுவானதையும் பின்பு கடுமையானதையும் ஊற்றினேன். ராத்திரி ஊறவிட்டுக் காலையில் எட்டிப் பார்த்தால் எந்தச் சிலிண்டரில் வேகமாக இறங்கியிருக்கிறது என்று தெரியும். நான்காவதில் மட்டும் அப்படியே நின்றது. மூன்றாவது ரிங் அங்கே கரியில் இறுகியிருந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன். குறைந்த இடத்தில் நிரப்பி, சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி ஊறவிட்டேன். நான்காவதிலும் இறங்கத் தொடங்கியபோது கிடைத்த மகிழ்ச்சியை இந்த வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

அடுத்த கட்டத்தில் அவசரம் கூடாது. சிலிண்டரில் திரவம் மிச்சமிருக்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால், திரவத்தை அழுத்த முடியாத பிஸ்டன் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். காய்ல், இன்ஜெக்டர் இரண்டின் மின்சாரத்தையும் துண்டித்து, குழிகளின் மேல் பழந்துணி போர்த்தி, பேட்டரியை இணைத்து, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றவிட்டேன். துணியில் கறுப்புக் குழம்பு தெறித்தது. பிறகு உடனே ஆயில் மாற்றம்; கரைப்பானில் பாதி ஆயில் பானுக்குள்தான் இறங்கியிருக்கும், அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டக் கூடாது. புதிய 5டபிள்யூ-30 ரக ஆயில், புதிய ஃபில்டர், புதிய பிளக். இந்த இன்ஜினுக்கு விலையுயர்ந்த பிளாட்டினம் பிளக் தேவையில்லை. சாதாரணச் செம்பு பிளக்கே ஒத்துப்போகும்.

ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. முன்கூட்டியே அண்டை வீட்டாரிடம் சொல்லிவைப்பது நல்லது. பத்து நிமிடத்தில் அடங்கியது. சில நூறு மைல் ஓட்டிவிட்டு ஆயிலை மறுபடி மாற்றினேன்; வடிந்தது தார் போலக் கறுப்பு. ஃபில்டரை வெட்டிப் பார்த்ததில் மடிப்புகள் முழுக்கக் கரித்துகள், உலோகத்தூள் இல்லை. பேரிங் பிழைத்திருக்கிறது.

பலன்: 700 மைலுக்கு ஒரு குவார்ட் என்றிருந்தது இப்போது 1,800 மைல் பக்கம் வருகிறது. முழுக் குணம் அல்ல. ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த சர்வீஸ் குறிப்பு 2,000 மைலுக்கு ஒரு குவார்ட் வரை ஏற்கத்தக்கது என்று சொல்வதை வைத்துப் பார்த்தால் எல்லைக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இதில் எவ்வளவு ஊறவைத்ததால், எவ்வளவு சென்சாரும் பிசிவி வால்வும் மாற்றியதால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே நோயின் மூன்று கைகள். பெட்ரோல் மைலேஜ் கூடியதற்கு மட்டும் சென்சாரே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ஊறவைப்பதற்கு முன்பே அது தெரிந்தது.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் வரை ஏறிவந்த நடுக்கத்துக்குக் காரணம் பயணி பக்கம் மேலே இருந்து இன்ஜினைத் தாங்கும் மவுன்ட். ரப்பர் தொய்ந்து இன்ஜின் சாய்ந்திருந்தது. ஆயில் பானுக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு மாற்றினால் ஒரு மணி நேர வேலை.

இந்தக் காரின் பிளாஸ்டிக் உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதவு, ஃபெண்டர் எல்லாம் பாலிமர் தகடு. தள்ளுவண்டி இடித்தாலும் பள்ளம் விழாது, துருவும் பிடிக்காது. விளம்பரத்தில் காட்டியதெல்லாம் உண்மை. ஆனால் பானெட், கூரை, டிக்கி மூடி மூன்றும் இரும்பு. தகடுகளுக்குப் பின்னால் இருக்கும் சட்டமும் இரும்பு. மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். வெளியே புதுப்பொலிவோடு நிற்கும் சாட்டர்னின் அடியில் பிரேக் குழாய்கள் உதிர்ந்துகொண்டிருக்கலாம். வாங்குகிறவர்கள் குனிந்து அடியில் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஒற்றை கேம் இன்ஜின் உள்ள எஸ்எல்1 என்றால் ஆயிலில் கூலன்ட் கலந்த பால்நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1990-களின் நடுவில் வந்த அந்த ஹெட்டுகளில் கேம்ஷாஃப்ட் பக்கம் விரிசல் விட்டவை உண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் ரிவர்ஸில் போட்டதும் உலுக்கி அடிக்கிறதா என்று கவனியுங்கள். மேனுவலில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் ஆணி நகர்ந்து கியர்பாக்ஸ் உறையையே துளைத்த கதைகள் உண்டு. ஒற்றைச் சக்கரத்தைப் பனியில் சுழலவிடுவதை நான் தவிர்ப்பது அதனால்தான்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. இந்த இன்ஜினின் குறைகள் எல்லாம் சின்னவை. நான்கைந்து துளைகள், ஒரு பித்தளை முனை, ஒரு மவுன்ட். அடுத்த தலைமுறையில் திருத்தியிருக்கக்கூடியவை. 40,000 பேரை ஸ்பிரிங் ஹில்லுக்கு வரவைத்த நம்பிக்கை கையில் இருந்தும், ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் பெரும்பகுதியில் சாட்டர்னுக்குப் புதிய மாடலுக்கான பணத்தைக் கொடுக்கவில்லை. மற்றப் பிரிவுகள் அதற்குச் சம்மதிக்கவில்லை. 2000 மாடலாக வந்த எல் வரிசை ஐரோப்பிய ஓப்பல் காரைத் தழுவியது. கட்டியதும் ஸ்பிரிங் ஹில்லில் அல்ல, டெலவேரில். 2002 மாடலான வியூவின் சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் பலருக்குப் பழுதாகி, வாரண்டியை நீட்டிக்க வேண்டிவந்தது. எஸ் வரிசைக்குப் பதிலாக வந்த அயான், 2014-இல் பல மாடல்களை உள்ளடக்கிய இக்னிஷன் சுவிட்ச் ரீகாலில் இடம்பெற்றது. ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் அணைந்து, ஏர்பேக்கும் செயலிழக்கும் குறை அது. அந்த ரீகாலுக்கான இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. ஆயில் எரிப்பதோடு அதை ஒரே தட்டில் வைக்கவே முடியாது.

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது கார் விற்பனை நிறுவனமான பென்ஸ்கி குழுமம் சாட்டர்னை வாங்க முன்வந்தது. கார்களைத் தயாரித்துத் தருவதாக இருந்த ரெனோ பின்வாங்கியதும் செப்டம்பர் 30 அன்று பேச்சு முறிந்தது. அடுத்த வருடம் டீலர்கள் எல்லாம் மூடினார்கள்.

பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சென்சார், மவுன்ட், பிரேக், ரிங் எல்லாம் வெளிநிறுவனங்கள் தயாரிக்கின்றன. கிடைக்காதவை பாலிமர் தகடுகளும் உள்அலங்காரத் துண்டுகளும். அவற்றுக்குப் பழைய கார்களை உடைத்து விற்கும் ஜங்க்யார்டுதான் கதி, அங்கேயும் எஸ் வரிசை வருவது அரிதாகிவிட்டது. என் காரின் வலதுபக்கப் பின்கதவுத் தகட்டில் விரிசல் இருக்கிறது. குளிரில் பாலிமர் இறுகி உடையும் என்பதால் கோடையிலேயே ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு முன் பின்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு பிரேக் குழாய்களையும் நிக்கல்-செம்புக் குழாயில் புதிதாக வளைத்துப் போடப் போகிறேன். 25 அடிச் சுருள் வந்துவிட்டது.